ஐபெர்ஃப் 2: மல்ட்டிகாஸ்ட் பஞ்சாயத்தில் சாட்சி சொல்லும் கருவி

மல்ட்டிகாஸ்ட் என்பது ஒருவர் ஒரு குரூப் முகவரிக்கு அனுப்புவதை, அந்தக் குரூப்பில் சேர்ந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் வாங்கும் முறை. அது ஓடவில்லை என்றால் ப்ரோகிராம் கோடு எழுதியவர் ஸ்விட்சைக் கைகாட்டுவார், ஸ்விட்ச் போட்டவர் கோடைக் கைகாட்டுவார். ஓசூர் சிப்காட்டில் பிஎல்சி (மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்) லைன், கிருஷ்ணகிரியில் சேனல்களைத் திரட்டி அனுப்பும் கேபிள் டிவி ஹெட்எண்ட், தர்மபுரியில் ஆஸ்பத்திரி டோக்கன் போர்டு என்று இடம் எதுவானாலும் சண்டை இதேதான். கடைசியில் யாராவது ஒருவர் பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் புது ஸ்விட்ச் வாங்கி வருவார். அதை மாட்டிய பிறகும் திரை அப்படியே இருட்டாக இருக்கும். அந்தச் செலவுக்கு முன்னால் ஓட்டிப் பார்க்க வேண்டியது, சோதனை டேட்டா அனுப்பி எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கும் ஐபெர்ஃப் 2. காசு இல்லை, ஒரே ஃபைல், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஐந்துக்கு நாலு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், இந்தச் சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேள்வியைத் தப்பாகக் கேட்டால் தைரியமாகத் தப்பான பதிலும் சொல்லும்.

முதல் குழப்பம் வெர்ஷனிலேயே. ஐபெர்ஃப் 3 புதியது, நம்பர் பெரியது என்று அதைத்தான் பலரும் இறக்குகிறார்கள். மல்ட்டிகாஸ்டுக்கு அது வேலைக்கு ஆகாது. ஐபெர்ஃப் 3 என்பது இஎஸ்நெட் என்ற அமெரிக்க ஆய்வு நெட்வொர்க் முதலிலிருந்து புதிதாக எழுதிய வேறு ப்ரோகிராம். பதிலை எதிர்பார்க்காமல் அனுப்பும் யுடிபி சோதனைக்குக்கூட முதலில் ஒரு சர்வரோடு டிசிபி (இரண்டு பக்கம் மட்டும் பேசும் முறை) இணைப்பு போட்டு, அதன் வழியாகப் பேசி முடித்த பிறகுதான் டேட்டாவை அனுப்பும். ஒரு குரூப் முகவரியோடு டிசிபி பேச முடியாது, ஆகவே மல்ட்டிகாஸ்ட் அதில் இல்லை. ஐபெர்ஃப் 2 தனியாக சோர்ஸ்ஃபோர்ஜில் இன்றும் பராமரிப்பில் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. 2-க்கு டீஃபால்ட் போர்ட் 5001, 3-க்கு 5201. உபுண்டுவில் ஆப்ட் மூலம் போடும்போது பின்னால் எண் இல்லாத 'ஐபெர்ஃப்' பேக்கேஜ்தான் 2. மேக்கில் ஹோம்ப்ரூவிலும் அப்படியே. விண்டோஸுக்கு சோர்ஸ்ஃபோர்ஜ் பக்கத்திலிருந்து எக்ஸி ஃபைலை எடுத்து ஒரு ஃபோல்டரில் வைத்தால் போதும். போட்டதும் -வி கொடுத்து 2 என்று தொடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஓட்டும் முறை எளிது. டேட்டாவை வாங்கும் பெட்டியில் (கம்ப்யூட்டரில்) -எஸ், -யு, பெரிய எழுத்து -பி (B), அதன் பின் குரூப் முகவரி 239.20.1.5, கடைசியில் -ஐ 1. இது அந்தக் குரூப்பில் ஜாயின் ஆகி நொடிக்கு ஒரு வரி அச்சடிக்கும். அனுப்பும் பெட்டியில் -சி 239.20.1.5, -யு, பெரிய -டி (T) 8, சின்ன -டி (t) 600, சின்ன -பி (b) 2எம் (சின்ன m), -ஐ 1. பெரிய டி என்பது டிடிஎல், அதாவது பாக்கெட் எத்தனை ரூட்டர் வரை போகலாம் என்ற கணக்கு; சின்ன டி என்பது எத்தனை நொடி. பெரிய பி என்பது பைண்ட், அதாவது எந்த முகவரியில் கேட்பது; சின்ன பி என்பது வேகம். இந்தப் பெரிய, சின்ன விஷயம் அற்பமாகத் தெரியும், ஆனால் ரூட்டர் தாண்டும் சோதனைகளைக் கெடுப்பது இதுதான். டிடிஎல் 32 வைப்பதாக நினைத்துச் சின்ன டி 32 கொடுத்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. சோதனை 32 நொடி ஒழுங்காக ஓடும், டிடிஎல் மட்டும் டீஃபால்ட்டான 1-லேயே நிற்கும். டிடிஎல் 1 பாக்கெட் முதல் ரூட்டரிலேயே செத்துவிடும். சாதாரண பாக்கெட் செத்தால் ஐசிஎம்பி வழியாகச் சேதி வரும். மல்ட்டிகாஸ்டுக்கு அந்தச் சேதியும் அனுப்பக் கூடாது என்பதே விதி. ஆக, விஎல்ஏஎன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) தாண்டவில்லை என்று ரூட்டர் கான்ஃபிகரேஷனைத் தோண்டுவதற்கு முன் கட்டளை வரியில் எழுத்தின் சைஸைப் பாருங்கள்.

அனுப்பும் பக்கம் காட்டும் எண்களை நம்பாதீர்கள். மல்ட்டிகாஸ்டில் யார் வாங்குகிறார்கள் என்று அனுப்புபவருக்குத் தெரியாது. ஆகவே கேபிளைப் பிடுங்காத வரை அது 'இத்தனை மெகாபைட் அனுப்பினேன், 2 மெகாபிட் வேகம்' என்று ஒழுங்காக ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். 'அனுப்புகிறதே, அப்போ நெட்வொர்க் சரி' என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது வழக்கமான தவறு. சாட்சி வாங்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜிட்டர் (பாக்கெட் வரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்), தொலைந்தது, மொத்தம், சதவீதம் எல்லாம் அங்கேதான் வரும். ஒரு பாக்கெட்கூட வரவில்லை என்றால் பூஜ்யம் என்று காட்டாது, வெறுமனே வாய் மூடி உட்கார்ந்திருக்கும். கருவி தொங்கிவிட்டது என்று நினைத்துக் கன்ட்ரோல்-சி அடிக்கிறார்கள். அந்த மௌனம்தான் முடிவு.

எத்தனை நேரம் ஓட்டுவது என்பதில்தான் இந்தக் கருவியின் டீஃபால்ட் மோசம். எதுவும் சொல்லாவிட்டால் 10 நொடி ஓடி நின்றுவிடும். மல்ட்டிகாஸ்டில் 10 நொடி சோதனை எதையும் நிரூபிக்காது. வாங்கும் பெட்டி ஜாயின் ஆகும்போது 'நான் இந்தக் குரூப்பில் இருக்கிறேன்' என்று ஐஜிஎம்பி ரிப்போர்ட் ஒன்றைத் தானாகவே அனுப்புகிறது. ஸ்னூப்பிங், அதாவது இந்த ரிப்போர்ட்டை ஒட்டுக்கேட்கும் வசதி, உள்ள ஸ்விட்ச் அதைப் பார்த்து அந்த போர்ட்டைக் குரூப்பில் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு யாராவது 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவர் குவெரியர். வழக்கமாக 125 நொடிக்கு ஒரு கேள்வி, பதிலுக்கு 10 நொடி அவகாசம். கேள்வியின் இடைவெளியை இரண்டால் பெருக்கி 10-ஐக் கூட்டினால் 260 நொடி. அதற்குள் பதில் வராத போர்ட்டை ஸ்விட்ச் வெட்டிவிடும். நெட்வொர்க்கில் குவெரியரே இல்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், கணக்குத் தீர்ந்ததும் டேட்டா நின்றுவிடும். சேனல் நாலு நிமிஷம் சில்லறை ஓடி உறைகிறது, ப்ரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி நாலு நிமிஷம் ஓடுகிறது என்றால் வேறு எங்கேயும் தேட வேண்டாம். சில ஸ்விட்சுகளில் இந்த நேரத்தை மாற்றி வைத்திருப்பார்கள், அதனால் துல்லியமாக 260 என்று எதிர்பார்க்காதீர்கள். சோதனையைக் குறைந்தது 600 நொடி ஓட்டுங்கள். நொடிக்கு ஒரு வரி வருவதால் எந்த நொடியில் அறுந்தது என்று கண்ணால் பார்க்கலாம். ஐபெர்ஃப் 2 தன் விலைக்கு மேல் உழைப்பது இந்த இடத்தில்தான். இலவசத்துக்கு மேல் என்றால் என்ன கணக்கோ, அது வேறு.

குவெரியர் எங்கே வைப்பது? ரூட்டரில் மல்ட்டிகாஸ்ட் ரூட்டிங் ஓடினால் அதுவே செய்யும். ரூட்டர் இல்லாத தனி நெட்வொர்க்கில் ஸ்விட்ச் மெனுவில் 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியர்' என்று தனியாக ஒன்று இருக்கிறதா பாருங்கள். மலிவான ஸ்மார்ட் ஸ்விட்சுகளில் ஸ்னூப்பிங் டிக் பாக்ஸ் இருக்கும், குவெரியர் இருக்காது. ஒரு மாடலை வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். அதற்குப் பதில் இல்லை என்றால் ஸ்னூப்பிங்கையே அணைத்து வைப்பது மேல். எல்லா போர்ட்டிலும் கொட்டும், ஆனால் அறுந்துபோகாது. குவெரியருக்கு அந்த விஎல்ஏஎனில் ஒரு ஐபி முகவரி கொடுக்க மறக்காதீர்கள், 0.0.0.0-இலிருந்து வரும் கேள்வியைச் சில கருவிகள் மதிப்பதில்லை. இரண்டு குவெரியர் இருந்தால் சின்ன ஐபி உள்ளது ஜெயிக்கும். பழைய ஸ்விட்ச் ஐஜிஎம்பி வெர்ஷன் 2 மட்டும் புரிந்துகொள்ளும் என்றால் குவெரியரை வெர்ஷன் 2-ல் வைத்தால் போதும். பெட்டிகள் எல்லாம் தாமாகவே 2-க்கு இறங்கிவிடும், ஒவ்வொன்றாகப் போய் மாற்ற வேண்டியதில்லை. கரண்ட் போய் வந்து ஸ்விட்ச் ரீபூட் ஆனாலும் குவெரியர் இருந்தால் இரண்டு நிமிஷம் சில்லறைக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

குரூப் முகவரியையும் யோசித்து எடுங்கள். 239.0.0.5 என்று எளிதாக ஞாபகம் வைக்கிற மாதிரி எடுத்தால் சோதனை பொய் சொல்லும். ஐபி மல்ட்டிகாஸ்ட் முகவரியின் கடைசி 23 பிட் மட்டும்தான் மேக் முகவரிக்குள் (ஸ்விட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரி, ஆப்பிள் மேக் அல்ல) போகிறது, அதனால் 32 குரூப்புக்கு ஒரே மேக். 239.0.0.5-உம், ரூட்டர்கள் தமக்குள் பேசும் ஓஎஸ்பிஎஃப் பயன்படுத்தும் 224.0.0.5-உம் ஒரே மேக்தான். 224.0.0 வரிசையை ஸ்விட்ச் ஸ்னூப்பிங் பார்க்காமல் எல்லா போர்ட்டுக்கும் கொட்ட வேண்டும் என்பதால், மேக்கை வைத்து முடிவெடுக்கும் ஸ்விட்சில் 239.0.0.5-உம் கூடவே கொட்டும். ஐபெர்ஃப் பிரமாதமாக ஓடும், நிஜ குரூப் ஓடாது. 239.128.0 வரிசைக்கும் இதே கதி. அதனால்தான் மேலே 239.20.1.5. இது 239.148.1.5-ஓடு மேக்கைப் பங்கு போடுகிறது, அதையும் அதே நெட்வொர்க்கில் வேறு வேலைக்குக் கொடுக்காதீர்கள்.

சோதனையின் முடிவு மூன்று வகையாக வரும். வாங்கும் பெட்டியில் ஐபெர்ஃபோடு கூடவே, வரும் பாக்கெட்டை அப்படியே காட்டும் டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க் ஓடட்டும். டிசிபிடம்புக்கு சின்ன -பி (p) கொடுத்து ப்ரோமிஸ்குவஸ் இல்லாமல் ஓட்டுங்கள், இல்லையென்றால் நெட்வொர்க் கார்டு வழக்கத்தில் தள்ளிவிடும் பாக்கெட்டையும் காட்டிக் குழப்பும்.

டிசிபிடம்பிலேயே பாக்கெட் வரவில்லை என்றால் நெட்வொர்க் அல்லது அனுப்பும் பக்கம். அனுப்பும் பெட்டியில் எந்தக் கார்டு வழியாக வெளியே போகிறது என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருந்தால் 192.168.56.1 என்று ஒரு ஹோஸ்ட்-ஒன்லி கார்டு உட்கார்ந்திருக்கும். ஹைப்பர்-வி, விபிஎன் ஆகியவையும் தனித்தனிக் கார்டு வைக்கும். 'ரூட் ப்ரின்ட்' அடித்தால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு 224.0.0.0 வரி வரும். எதற்கு மெட்ரிக் குறைவோ அதன் வழியாகத்தான் டீஃபால்ட்டாக மல்ட்டிகாஸ்ட் போகும், ஜாயினும் அங்கேதான் நடக்கும். எந்தக் கார்டில் எந்தக் குரூப் ஜாயின் ஆகியிருக்கிறது என்பதை நெட்ஷெல்லில் 'இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ ஜாயின்ஸ்' காட்டிவிடும். லினக்ஸில் 'ஐபி எம்ஆடர் ஷோ', மேக்கில் 'நெட்ஸ்டாட் -ஜி'. ஐபெர்ஃப் 2-இன் பிந்தைய வெர்ஷன்களில் லினக்ஸில் குரூப் முகவரிக்குப் பின்னால் % போட்டுக் கார்டு பெயரைக் கொடுக்கலாம். அதற்கு சுடோ தேவைப்படலாம். விண்டோஸில் இந்த வசதியை நம்பி உட்காராதீர்கள். சோதனை நேரத்துக்கு விர்ச்சுவல் கார்டுகளை டிசேபிள் செய்வதுதான் சுருக்கு வழி.

டிசிபிடம்பில் பாக்கெட் வருகிறது, ஐபெர்ஃப் மட்டும் மௌனம் என்றால் குற்றவாளி வாங்கும் பெட்டியின் உள்ளேயே இருக்கிறான். விண்டோஸில் அநேகமாக ஃபயர்வால். வயர்ஷார்க் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே எட்டிப் பார்த்துவிடுகிறது. மெஷின் நெட்வொர்க்கில் கேட்வே இல்லை என்றால் விண்டோஸ் அதை அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று பப்ளிக் ப்ரொஃபைலில் போட்டுவிடும். சிப்காட் ஷெட்டுக்குள் தனியாக ஓடும் பிஎல்சி நெட்வொர்க்குகளில் இது சர்வசாதாரணம். ஃபயர்வால் விதி ப்ரோகிராம் வாரியாகப் பதிவாகிறது என்பதும் முக்கியம்: ஐபெர்ஃப் கேட்டபோது 'அலவ்' அழுத்தியிருப்பீர்கள், அந்த அனுமதி உங்கள் சொந்த ப்ரோகிராமின் எக்ஸிக்குப் பொருந்தாது.

லினக்ஸில் சந்தேகிக்க வேண்டியவர்கள் இருவர். ஒருவர் உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ. டீஃபால்ட்டாக அது, கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ், யுபிஎன்பி குரூப்புகளை மட்டும் விடும். உங்கள் யுடிபி போர்ட்டைத் திறந்துவிட்டாலும் ஐஜிஎம்பி கேள்விகளை அது தின்றுவிடலாம். கர்னல் லாகில் 'யுஎஃப்டபிள்யூ பிளாக்' வரியில் டிஎஸ்டி=224.0.0.1, ப்ரோட்டோ=2 என்று 125 நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தால் அதுதான். விளைவு என்ன என்று பாருங்கள்: ஜாயின் ஆனதும் தானாகப் போகும் ரிப்போர்ட்டால் தொடக்கத்தில் ஓடும், கேள்விக்குப் பதில் போகாததால் 260 நொடியில் அறுந்துவிடும். குவெரியர் இல்லாத அறிகுறியும் இதுவும் ஒன்றேபோல் இருக்கும். ஸ்விட்சைக் குறை சொல்லுமுன் இந்த லாகைப் பாருங்கள். பிஃபோர்.ரூல்ஸ் ஃபைலில் ஐஜிஎம்பியை அனுமதிக்கும் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. இன்னொருவர் ஆர்பி_ஃபில்டர், அதாவது பாக்கெட் சரியான கார்டு வழியாக வந்ததா என்று பார்க்கும் கர்னல் செட்டிங். பெட்டியில் இரண்டு கார்டு இருந்து, அனுப்புபவரின் ஐபிக்குப் போகும் ரூட் வேறு கார்டு வழியாக இருந்தால், கர்னல் அந்த பாக்கெட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். 'என்ஸ்டாட் -ஏஇசட்' வெளியீட்டில் ஐபிரிவர்ஸ்பாத்ஃபில்டர் எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் ஆர்பி_ஃபில்டரை 2-க்கு மாற்றுங்கள். கார்டுக்கென்று இருக்கும் மதிப்பு, 'ஆல்' மதிப்பு இரண்டில் எது பெரிதோ அதுவே செல்லும் என்பதால், கார்டில் மட்டும் 0 போட்டுவிட்டு 'ஆல்'-ஐ 1-லேயே விட்டால் பிரயோஜனமில்லை. 2 போட்டால் இந்தச் சிக்கலே வராது.

மூன்றாவது வகை: ஐபெர்ஃப் 600 நொடியும் சுத்தமாக ஓடுகிறது, உங்கள் ப்ரோகிராம் ஓடவில்லை. ஸ்விட்ச்காரரை விட்டுவிடுங்கள், தப்பு பெரும்பாலும் கோடில். மூன்று ஓஎஸ்ஸும் சாக்கெட்டை (ப்ரோகிராம் நெட்வொர்க்கோடு பேசும் வாசல்) ஒன்றுபோல் நடத்தாததுதான் இதில் பெரும்பங்கு.

லினக்ஸிலும் மேக்கிலும் வாங்கும் சாக்கெட்டைக் குரூப் முகவரிக்கே பைண்ட் செய்யலாம். விண்டோஸில் அப்படிச் செய்தால் 10049 பிழை வரும். விண்டோஸில் பொது முகவரிக்கு, அதாவது 0.0.0.0-க்கு, பைண்ட் செய்துவிட்டுக் குரூப்பில் ஜாயின் ஆக வேண்டும். 'ஐபெர்ஃபில் விண்டோஸிலும் குரூப் முகவரியைத்தானே பெரிய பி-க்குக் கொடுக்கிறோம்' என்று கேட்கலாம். அங்கே விண்டோஸுக்கென்று தனி வழி எழுதி வைத்திருக்கிறார்கள், வெளியே தெரியாது. இதையே லினக்ஸுக்குக் கொண்டுபோய் 0.0.0.0-க்கு பைண்ட் செய்தால் வேறு வம்பு: அதே பெட்டியில் வேறு ப்ரோகிராம் ஜாயின் ஆன குரூப்பின் பாக்கெட்டும், போர்ட் ஒன்றாக இருந்தால், உங்கள் சாக்கெட்டுக்கு வரும். ஐபி_மல்ட்டிகாஸ்ட்_ஆல் என்ற ஆப்ஷனை 0 ஆக்கினால் நிற்கும், கர்னல் 2.6.31 முதல் இருக்கிறது, டீஃபால்ட் 1. குரூப்புக்கே பைண்ட் செய்தாலும் நிற்கும். ஆகவே பைண்ட் வரியை மட்டும் ஓஎஸ் வாரியாகப் பிரித்து எழுதுவது தவிர்க்க முடியாதது.

ஜாயின் செய்யும்போது இன்டர்ஃபேஸ் இடத்தில் 0.0.0.0 விடுவதை நிறுத்துங்கள். அந்தக் கார்டின் ஐபியைக் கொடுங்கள். லினக்ஸில் டீஃபால்ட் ரூட் இல்லாத நெட்வொர்க்கில் 0.0.0.0 விட்டால் 'நோ சச் டிவைஸ்' என்று வரும், அனுப்பினால் 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' வரும். கார்டில் கோளாறு என்று இதைப் படிப்பவர்கள் உண்டு, 224.0.0.0/4-க்கு ஒரு ரூட் சேர்த்தால் இரண்டும் போய்விடும். அனுப்பும் பக்கம், எந்தக் கார்டு வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் ஐபி_மல்ட்டிகாஸ்ட்_ஐஎஃப் கட்டாயம் வையுங்கள். லினக்ஸில் அனுப்பும் சாக்கெட்டை ஒரு கார்டின் ஐபிக்கு பைண்ட் செய்தாலே அதன் வழியாகப் போய்விடும். இந்தச் சலுகையில் பழகிய கோடு வேறு ஓஎஸ்ஸில் வேறு கார்டு வழியாகப் போகக் கூடும்.

அனுப்பியது அதே பெட்டிக்கும் திரும்பி வர வேண்டுமா என்று சொல்லும் லூப் ஆப்ஷன் இன்னொரு பொறி. ஐபி_மல்ட்டிகாஸ்ட்_லூப் யுனிக்ஸ் குடும்பத்தில் அனுப்பும் சாக்கெட்டுக்கு உரியது, விண்டோஸில் வாங்கும் சாக்கெட்டுக்கு உரியது. அனுப்பும் சாக்கெட்டில் மட்டும் அதை அணைத்துவிட்டு, விண்டோஸில் நான் அனுப்பியது எனக்கே திரும்பி வருகிறதே என்று குழம்புவது இதனால்தான். இரண்டு பக்கமும் வைத்துவிட்டால் கவலையில்லை. ஒரே போர்ட்டை இரண்டு ப்ரோகிராம் கேட்க வேண்டுமானால் லினக்ஸிலும் விண்டோஸிலும் ரீயூஸ்ஆடர் போதும், மேக்கில் 0.0.0.0-க்கு பைண்ட் செய்திருந்தால் ரீயூஸ்போர்ட்டும் வேண்டும். விண்டோஸில் ரீயூஸ்போர்ட் என்று ஒன்றே இல்லை, ஆகவே இருக்கிறதா என்று பார்த்துப் போடும்படி எழுதுங்கள்.

மேக்கில் இப்போது ஒரு புதுத் தொல்லை. மேக்ஓஎஸ் 15 முதல் லோக்கல் நெட்வொர்க்கைத் தொட ஆப்புக்கு அனுமதி வேண்டும், மல்ட்டிகாஸ்டும் அதில் அடக்கம். டெர்மினலிலிருந்து ஓட்டும் கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு. இந்தக் கருவியின் சாட்சி முழுதாகத் தவறிப்போகும் இடம் இது: ஐபெர்ஃப் டெர்மினலில் ஜம்மென்று ஓடும், பக்கத்திலேயே உங்கள் ஆப் ஒரு பாக்கெட்டும் பார்க்காது. கோடில் எந்தத் தப்பும் இருக்காது. சிஸ்டம் செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதியில் லோக்கல் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

கேபிள் டிவிக்காரர்களுக்கு இந்தக் கருவியை இன்னும் நெருக்கமாகப் பொருத்தலாம். ஐபிடிவி பாக்கெட்டில் 188 பைட் டிஎஸ் (வீடியோ) துண்டு 7 இருக்கும், மொத்தம் 1316 பைட். ஐபெர்ஃபின் டீஃபால்ட் 1470. பாக்கெட் அளவுக்கு -எல் 1316, வேகத்துக்கு சின்ன -பி 8எம் (சின்ன m) கொடுத்தால் ஒரு எச்டி சேனல் அளவுக்கு, நொடிக்குச் சுமார் 760 பாக்கெட் வீதம் போகும். இப்படி 20 சேனல் என்றால் 160 மெகாபிட். ஸ்னூப்பிங் இல்லாத ஸ்விட்ச் அந்த 160-ஐயும் எல்லா போர்ட்டுக்கும் கொட்டும், 100 மெகாபிட் கார்டு உள்ள பில்லிங் கம்ப்யூட்டர் அங்கேயே மூச்சு முட்டும். சேனல் எண்ணிக்கை ஏறும்போது லினக்ஸில் இன்னொன்றும் இடிக்கும்: ஒரே சாக்கெட்டில் 20 குரூப்புக்கு மேல் ஜாயின் ஆக முடியாது, 21-ஆவது 'நோ பஃபர் ஸ்பேஸ்' என்று திரும்பும். பெயரைப் பார்த்து மெமரி போதவில்லை என்று ரேம் வாங்காதீர்கள். ஐஜிஎம்பி_மேக்ஸ்_மெம்பர்ஷிப்ஸ் மதிப்பை ஏற்றினால் சரி. நிஜமான பஃபர் பிரச்சினை வேறு மாதிரி இருக்கும்: ஐபெர்ஃபில் பாக்கெட் இழப்பு விட்டு விட்டு வரும், 'நெட்ஸ்டாட் -எஸ்யு'-வில் ஆர்சிவிபஃப் எரர்ஸ் ஏறும். அப்போது வாங்கும் பக்கம் -டபிள்யூ-வில் பஃபரைக் கூட்டிப் பாருங்கள், கூடவே பஃபரின் உச்சவரம்பான ஆர்மெம்_மேக்ஸையும் ஏற்ற வேண்டும்; பல பெட்டிகளில் அதன் மதிப்பு 212992 பைட்தான், அதைத் தாண்டிக் கேட்டால் கர்னல் கொடுக்காது.

பிஎல்சி பக்கம் ஈதர்நெட்/ஐபி (தொழிற்சாலைக் கருவிகள் பேசும் முறை) என்றால் 239.192 வரிசைக் குரூப், யுடிபி போர்ட் 2222. அதன் டிடிஎல் டீஃபால்ட்டாக 1. ஐபெர்ஃபில் டிடிஎல் 8 வைத்து விஎல்ஏஎன் தாண்டிவிட்டது என்பதற்காக பிஎல்சி டேட்டாவும் தாண்டும் என்று கணக்குப் போடாதீர்கள். நிஜ டேட்டாவின் டிடிஎல் எதுவோ அதையே வைத்துச் சோதியுங்கள்.

வைஃபையில் இந்தக் கருவி காட்டும் இழப்பைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மல்ட்டிகாஸ்ட் அங்கே குறைந்த வேகத்தில் போகும், தொலைந்தால் மறுபடி அனுப்பப்படாது. ஆக்சஸ் பாயின்ட்டில் மல்ட்டிகாஸ்டை யூனிகாஸ்டாக மாற்றும் ஆப்ஷன் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கேபிள் இழுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-க்குள் வழக்கமான செட்டிங்கில் வெளி மல்ட்டிகாஸ்ட் வராது. விண்டோஸ் 11-ல் மிரர்டு முறைக்கு மாற்ற வேண்டும். டாக்கரில் பிரிட்ஜ் தாண்டாது, லினக்ஸ் பெட்டியில் ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டுங்கள். பிங் போட்டுப் பார்ப்பது எங்குமே பிரயோஜனமில்லை. லினக்ஸ் டீஃபால்ட்டாகக் குரூப் பிங்குக்குப் பதில் சொல்லாது.

ஐபெர்ஃப் 2 செய்யாத வேலை ஒன்று உண்டு. உங்கள் ப்ரோகிராம் அனுப்பும் டேட்டாவை அது படிக்காது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் தன்னுடைய வரிசை எண் இருக்கும் என்று எதிர்பார்ப்பதால், வேறு ப்ரோகிராமின் டேட்டா வந்தால் இழப்புச் சதவீதம் உளறலாக இருக்கும். தலைகீழாக ஓட்டலாம்: -யு போட்டு, சின்ன -பி (b)-க்கு வேகம், சின்ன -பி (p)-க்கு உங்கள் போர்ட், -சி-க்கு உங்கள் குரூப் கொடுத்து உங்கள் வாங்கும் ப்ரோகிராமுக்கே பாக்கெட் அனுப்பினால் அது ஜாயின் ஆகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். குப்பை டேட்டா வந்தால் விழுந்துவிடாத பார்சர் என்றால் மட்டும் செய்யுங்கள், ஓடும் மெஷின் லைனில் கண்டிப்பாக வேண்டாம். நிஜ டேட்டாவை எட்டிப் பார்க்க சோகேட் (socat) கட்டளை போதும்: யுடிபி4-ரிசீவ் (UDP4-RECV) முறையில் போர்ட்டைக் கொடுத்து, ஐபி-ஆட்-மெம்பர்ஷிப்பில் குரூப், அதன் பின் முக்காற்புள்ளி, அதன் பின் உங்கள் கார்டின் ஐபி. ரீயூஸ்ஆடரும் சேர்த்தால் லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமை நிறுத்தாமலே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ப்ரோகிராமும் ரீயூஸ்ஆடர் போட்டிருந்தால்தான் இது நடக்கும். இல்லையென்றால் 'ஆட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' வரும், டிசிபிடம்பே கதி.